சராயும் சத்திரமும்

இந்நாளில் நம் காலனியில் இரண்டு விடுமுறை நாட்கள் ஒன்றாக வந்துவிட்டால் போதும். இளைஞர்கள் மோட்டார் வண்டியில் ஏறி நெடுஞ்சாலையில் புறப்பட்டு விடுகின்றனர். சென்று சேரும் ஊரைக் காட்டிலும் இடையில் நின்ற இடங்களையே அவர்கள் பெரிதாகப் பேசுகின்றனர். எந்தத் தாபாவில் ரொட்டி நன்றாயிருந்தது, எந்த மரத்தடியில் தேநீர் பருகினோம் என்பதே அவர்தம் பேச்சு. அதனோடு, பாட்டனார் காலத்துக் கோட்டையும் பாட்டியார் காலத்துச் சேலையையும் பெட்டியிலிருந்து எடுத்து உடுத்திப் புகைப்படம் எடுத்துக் கொள்வதும் இப்பொழுது வழக்கமாகி வருகின்றது. முதியோருள் சிலர் இதனை வீண் செலவென்று கடிந்து கொள்கின்றனர்.

இரு சாராருக்கும் ஒரு செய்தி சொல்ல விரும்புகின்றோம். வழியில் தங்குவதும், தங்கிய இடத்தில் நல்லுணவு கொள்வதும், நல்லுடை உடுத்துவதும் புதுமையன்று. இம்மூன்றும் பிரிக்க முடியாதபடி நம் நாட்டுச் சாலைகளின் வரலாற்றிலே பின்னிக் கிடக்கின்றன. யாம் பட்டம் பெற்ற வரலாற்றாசிரியர் அல்லோம். பத்தாம் வகுப்பு முடித்து ரயில்வே இலாகாவில் எழுத்தர் வேலை பார்ப்போர். நாள்தோறும் ஊர்ப் பெயர்களை எழுதுவதே தொழிலாதலின், அப்பெயர்களின் பொருளை அறியும் ஆவல் எமக்கு உண்டு. அந்த ஆவலினால் படித்தறிந்தவற்றையும், சென்ற டிசம்பரில் நம் காலனிக் குடும்பங்கள் சில மேற்கொண்ட ஒரு பிரயாணத்தில் கண்டதையும் இங்கே எழுதுகின்றோம்.

ஆற்றுப்படை காட்டும் வழி

பத்துப்பாட்டில் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படையை நம்மில் பலர் பள்ளியில் பெயரளவிலேனும் அறிந்திருப்போம். நல்லூர் நத்தத்தனார் இயற்றியது. ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் பரிசில் பெற்று வரும் பாணன் ஒருவன், வறுமையில் வாடும் மற்றொரு பாணனுக்கு வழி கூறுவதாக அமைந்தது. அவன் கூறும் வழி என்ன? இத்திசையில் இத்தனை காதம் என்று அளந்து கூறுவதில்லை. எயிற்பட்டினத்திலே பரதவர் சுட்ட மீன் தருவர். வேலூரிலே எயினர் புளி சேர்த்த சூடான சோற்றை இறைச்சியோடு இடுவர். ஆமூரிலே உழவர் வெண்சோற்றை நண்டுக் கறியோடு படைப்பர். அப்பால் கிடங்கில் நகரம் என்று, உண்ணும் இடங்களையே அடையாளமாக வைத்து வழி காட்டுகின்றான். எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்றும், கிடங்கில் திண்டிவனத்தையொட்டிய ஊர் என்றும் அறிஞர் கூறுவர்.

கிடங்கிலைச் சென்று சேர்ந்த பின் நிகழ்வதும் கருதத்தக்கது. அரசன் முதலில் பாணனின் கந்தையை நீக்கி, மூங்கிலின் உட்பட்டையைப் போன்ற மெல்லிய ஆடையை உடுத்தச் செய்கின்றான். அதன் பின்னரே பொற்கலத்தில் உணவு. அவ்வுணவும் வீமசேனன் வகுத்த சமையல் நூலின் நெறி பிறழாமல் ஆக்கியது என்று புலவர் கூறுகின்றார். காண்டவ வனத்தை எரியூட்டிய அருச்சுனனின் தமையன் என்றே அவ்விடத்தில் வீமன் சுட்டப்படுகின்றான். அக்காண்டவ வனம் இருந்த இடத்தில் எழுந்ததே இந்திரப்பிரஸ்தம் என்பது பாரதக் கதை. அந்நகரம் நம் தில்லியில் புராணா கிலா நிற்கும் மேட்டில் இருந்ததென்பது செவிவழி மரபு. ஆகவே, தில்லியின் சமையற் பெருமை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே திண்டிவனம் வரை பரவியிருந்தது என்று நாம் வேடிக்கையாகச் சொல்லிக் கொள்ளலாம்.

வழி, சோறு, உடை என்னும் இம்மூன்றையும் அறியாதவனுக்கு அளிப்பதே நம் முன்னோர் கண்ட விருந்தோம்பல். இவ்வளவையும் நினைவிற் கொண்டு தில்லிச் சாலைக்கு வருவோம்.

தில்லியிலிருந்து தமிழகம் வரை ஒரு சாலை

மொராக்கோ நாட்டிலிருந்து வந்த இபின் பதூதா 1330-களில் தில்லியை அடைந்து, முகமது பின் துக்ளக்கின் அவையில் நீதிபதியாகப் பல ஆண்டுகள் இருந்தவர். தில்லியிலிருந்து தௌலதாபாத் வரை நாற்பது நாள் வழி என்றும், இருமருங்கும் மரங்கள் நிற்பதால் தோட்டத்தினுள் நடப்பது போலத் தோன்றும் என்றும் அவர் எழுதியுள்ளார். அதே சாலை மேலும் நீண்டு தெலுங்க நாட்டிற்கும் மாபாருக்கும் செல்கின்றது, அது ஆறு மாதப் பயணம் என்றும் கூறுகின்றார். மாபார் என்பது அராபியர் நம் தமிழகத்துக் கீழைக் கடற்கரை நாட்டிற்கு இட்ட பெயர். தங்குமிடந்தோறும் வழிப்போக்கருக்கு மடம் உண்டென்றும், ஆதலால் ஏழை கட்டுச்சோறு சுமக்க வேண்டியதில்லை என்றும் அவர் குறித்திருப்பதைப் படித்தபோது எம் உள்ளம் பூரித்தது. கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கிய 1929 ஆம் ஆண்டிற்கு ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே தில்லிக்கும் தமிழகத்திற்கும் இடையே, சோறும் நிழலும் கிடைக்கும் வழியொன்று இருந்தது.

இபின் பதூதா மற்றொன்றும் கூறுகின்றார். இந்நாட்டினர் பாசிப்பயற்றை அரிசியோடு சேர்த்து வேகவைத்து, நெய்யூற்றிக் காலையுணவாகக் கொள்கின்றனர். அதனைக் கிச்சடி என்கின்றனர் என்பதே அது. இதனைப் படிக்கும் நம் இல்லத்தரசியர் புன்னகை புரிவர். பயற்றை உடைத்துப் பருப்பாக்கி, மிளகும் சீரகமும் இஞ்சியும் கூட்டி, முந்திரியைத் தாளித்து விட்டால் அதுவே நம் வெண்பொங்கல். மார்கழிக் குளிரில் நம் காலனி வீடுகளில் காலைதோறும் மணப்பதும், தில்லிச் சாலையில் அன்று வழிப்போக்கன் உண்டதும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த உணவுகள்.

சராய் என்னும் பெயர்

யூசுப் சராய், பேர் சராய், ஜியா சராய், கட்வாரியா சராய், லாடோ சராய், ஷேக் சராய், நேப் சராய், காளே கான் சராய் என்று நம் தில்லியில் எத்துணைச் சராய்கள்! நம் ரயில்வேயிலும் சராய் ரோஹில்லா நிலையம் உண்டு. வங்காளத்திற்குச் செல்வோர் அறிந்த முகல்சராய் சந்திப்பு, 2018 ஆம் ஆண்டில் தீனதயாள் உபாத்தியாயரின் பெயரைப் பெற்றது. அன்றாடம் பேருந்துப் பலகையில் படித்துப் படித்து இச்சொல்லின் பொருளை மறந்து விட்டோம். சராய் என்பது பாரசீகச் சொல். இந்நாட்டில் அது வழிப்போக்கர் விடுதியைக் குறித்து வழங்கியது. நம்மவர் சத்திரம் என்பதை வடவர் சராய் என்றனர்.

1540 முதல் 1545 வரை ஐந்தே ஆண்டுகள் ஆட்சி புரிந்த ஷெர்ஷா சூரி, சாலைகளில் இரண்டு கோஸ் தூரத்திற்கு ஒன்றாக 1,700 சராய்கள் கட்டுவித்தான் என்று, அக்பரின் ஆணைப்படி அவன் வரலாற்றை எழுதிய அப்பாஸ் கான் சர்வானி கூறுகின்றார். கோஸ் என்பது வடமொழிக் குரோசமே; ஏறத்தாழ இரண்டு மைல். ஒவ்வொரு சராயிலும் கிணறு இருந்தது. இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனி அறைகள் இருந்தன. வெந்நீரும் தண்ணீரும் கொடுக்கவும், படுக்கை விரிக்கவும், சமைக்கவும், குதிரைக்குக் கொள்ளு வைக்கவும் ஆட்கள் இருந்தனர். வருவோரின் தகுதிக்கேற்ப உணவும் அவர்தம் கால்நடைக்குத் தீனியும் அரசாங்கச் செலவில் கிடைத்தன. பின்னர் 1619 இல் ஜஹாங்கீர், ஆக்ராவிலிருந்து லாகூர் வரையுள்ள சாலையில் கோஸ் தூரத்திற்கு ஒரு தூண் எழுப்ப ஆணையிட்டான். கோஸ் மினார் எனப்படும் அத்தூண்களில் ஒன்று நம் தில்லி மிருகக்காட்சிச் சாலைக்குள்ளேயே நிற்கின்றது. குழந்தைகளுக்குப் புலியைக் காட்டும் அவசரத்தில் நாம் அதனைக் கவனிப்பதில்லை.

சராய்களுள் அழகு வாய்ந்தது, ஷாஜஹானின் மகள் ஜஹானாரா பேகம் 1650 ஆம் ஆண்டையொட்டிச் சாந்தினி சவுக்கில் கட்டுவித்தது. 1663 இல் தில்லியைப் பற்றி எழுதிய பிரெஞ்சு மருத்துவர் பெர்னியர், இத்தகைய கட்டடங்கள் இருபது பாரிஸ் நகரில் இருந்தால் புதிதாக வருவோர் பாதுகாப்பான இடம் தேடித் திண்டாட வேண்டியதில்லையே என்று ஏங்கினார். 1857 ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின்னர் ஆங்கிலேயர் அதனை இடித்துவிட்டனர். அவ்விடத்தில் எழுந்த நகர மண்டபமே இன்று நாம் காண்பது.

ஹோடலில் இறந்த தூதரும் சென்னையில் வாழ்ந்த சிறுவனும்

தில்லியிலிருந்து மதுரா செல்லும் பழைய சாலையில், பல்வலுக்கு அப்பால் ஹோடல் என்றோர் ஊர் உண்டு. 1656 ஆம் ஆண்டு ஜூன் மாதக் கொடுங்கோடையில், இங்கிலாந்து மன்னரின் தூதராக வந்த பெல்லமான்ட் பிரபு, ஆக்ராவிலிருந்து தில்லிக்கு வரும் வழியில் அவ்வூரில் உயிர் நீத்தார். அவருடன் வந்த பணியாளன், வெனிஸ் நகரத்தைச் சேர்ந்த பதினெட்டு வயது இளைஞன். பெயர் நிக்கோலாவ் மனூச்சி. மொகலாயர் பணியிலிருந்த ஆங்கிலேயர் இருவர் வந்து, இறந்தவரின் பொருள்களைக் கைப்பற்றிச் சராயின் அறையைப் பூட்டி முத்திரையிட்டு விட்டனர். தலைவனும் இன்றிப் பொருளும் இன்றி, அறியாத நாட்டின் சாலையில் அவ்விளைஞன் நின்றான். அவன் தில்லிக்கு வந்து முறையிட்டு, இளவரசர் தாரா ஷிகோவின் பீரங்கிப் படையில் வேலை பெற்றான். மேல்நாட்டு உடையைக் களைந்து, தலைப்பாகையும் நீண்ட அங்கியும் இடைக்கச்சையும் தரித்தான். அவ்வுடையில் அவனைக் காட்டும் ஓவியம் இன்றும் பாரிஸ் நகரத்து நூலகத்தில் உள்ளது.

இம்மனூச்சி பின்னாளில் மருத்துவராகித் தென்னாடு வந்து, 1686 இல் சென்னையில் ஓர் ஆங்கில விதவையை மணந்து அங்கேயே குடியேறினார். மொகலாயர் ஆட்சியைப் பற்றிய தம் பெருநூலின் பெரும்பகுதியை அவர் எழுதியது நம் தமிழ் மண்ணிலேயாம். நாம் தெற்கிலிருந்து வடக்கே பிழைக்க வந்தோம். அவர் வடக்கில் பிழைத்துத் தெற்கே நிலைத்தார்.

சராய்களைப் பற்றி அவர் எழுதியவை கண் முன்னே காட்சியாக நிற்கும். ஒரு சராயில் எண்ணூறு முதல் ஆயிரம் பேர் வரை, ஒட்டகம், குதிரை, வண்டிகளோடு தங்கலாம். முற்றத்தில் மரங்களும் உணவுப் பொருள் விற்கும் கடைகளும் உண்டு. பொழுது சாய்ந்ததும் காவலன் கதவைச் சாத்தி, அவரவர் உடைமையை அவரவர் பார்த்துக் கொள்ள வேண்டும் என்று கூவுவான். இந்நாட்டு நாய்கள் திருட்டில் வல்லவை, எச்சரிக்கை என்றும் கூறுவானாம். விடியற்காலை ஆறு மணிக்குக் கதவைத் திறக்கு முன் மும்முறை கூவுவான். எவருக்கேனும் ஒரு பொருள் காணவில்லை என்றால், அது கிடைக்கும் வரை கதவு திறக்கப்படாது. ஏழையின் மூட்டைக்கும் வணிகரின் பேழைக்கும் ஒரே காவல்.

நள்ளிரவு மணி

மனூச்சி வந்து நிலைத்த தென்னாட்டில் சராய்க்கு ஈடாக விளங்கியவை சத்திரங்கள். 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாள் அமைத்த சாலைகளும் சத்திரங்களும் இன்றளவும் அவ்வம்மையாரின் பெயரைச் சொல்கின்றன. மதுரை ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே நிற்பது மங்கம்மாள் சத்திரமே. சாலையோரத்துச் சுமைதாங்கிக் கல்லை எண்ணுங்கள். கருவுற்று இறந்த பெண்ணின் நினைவாக, வழிச் செல்வோர் தலைச்சுமையை இறக்கி வைக்க நட்ட கல் அது. பெற்றோரின் துயரம் பிறர் சுமையைத் தாங்கும் கல்லாக மாறுவதை வேறெங்கே காண்போம்?

தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி, நாட்டின் ஆட்சியை 1799 இல் கும்பினியாரிடம் இழந்தவர். ஆயினும், இராமேசுவரம் செல்லும் வழியிலுள்ள சத்திரங்களின் நிர்வாகத்தை இழக்க அவர் உள்ளம் ஒப்பவில்லை. 1801 இல் ஆங்கிலேயருக்கு அவர் எழுதிய மடலில் சத்திரங்களின் முறையை விரிவாக விளக்கியுள்ளார். எச்சாதியினராயினும் வழிப்போக்கர் அனைவருக்கும் சோறு உண்டு. சமைத்ததை உண்ண விரும்பாதோருக்கு அரிசியும் மளிகையும் அளக்கப்படும். நோயுற்றோருக்கு வைத்தியமும், பிள்ளை பெறும் பெண்களுக்குப் பேணுதலும், பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கு வளர்ப்பும் உண்டு. இவை யாவினும் எம்மைக் கவர்ந்தது ஒன்று. நள்ளிரவில் மணி அடிக்கப்படும்; இன்னும் உண்ணாதவர் எவரேனும் இருந்தால் வருக என்று உரக்க அறிவிக்கப்படும்! மறு ஆண்டே, 1802 இல், முத்தாம்பாளின் நினைவாக ஒரத்தநாட்டில் பெருஞ்சத்திரம் ஒன்றை அம்மன்னர் தோற்றுவித்தார்.

தில்லிச் சராயில் விடியற்காலைக் குரல். தஞ்சைச் சத்திரத்தில் நள்ளிரவு மணி. ஒன்று, உன் பொருள் போகாது என்று உறுதி கூறியது. மற்றொன்று, நீ பசியோடு உறங்கக் கூடாது என்று அழைத்தது.

குறையையும் மறைத்தலாகாது. சராயிலும் சத்திரத்திலும் பந்தி பிரிந்தே இருந்தது. சாதிக்கு ஓர் அடுப்பு என்னும் வழக்கம் ரயில்வே சிற்றுண்டிச் சாலைகளிலும் புகுந்தது. தென்னிந்திய ரயில் நிலையங்களில் பிராமணர், மற்றையோர் என்று உண்ணுமிடம் பிரித்த வழக்கம், பெரியார் ஈ. வெ. ரா. முன்நின்ற கிளர்ச்சியின் பின்னர் 1941 ஆம் ஆண்டில்தான் ஒழிந்தது. அறம் செய்தவர்களும் வேற்றுமை பாராட்டினர் என்பதை நம் பிள்ளைகளுக்கு ஒளியாமல் சொல்ல வேண்டும்.

சராய்களும் சத்திரங்களும் ஏன் மங்கின? அதற்கு எம் இலாகாவும் ஒரு காரணம். சென்னை இராயபுரத்திலிருந்து 1856 இல் ரயில் புறப்பட்டது. 1867 இல் யமுனைப் பாலத்தைக் கடந்து தில்லி நகருக்குள் ரயில் நுழைந்தது. ஒரு மாத வழி இரண்டு நாளாகச் சுருங்கியபின், வழியில் தங்குவார் யார்? சராயின் சுவர்கள் இடிந்தன. பெயர் மட்டும் எஞ்சியது.

எங்கள் பிரயாணம்

இவற்றையெல்லாம் காலனியில் பேசிக் கொண்டிருந்தபோது, எதிர் வீட்டு மாமி, "கண்ணால் பார்க்காமல் பேசிக் கொண்டே இருந்தால் ஆயிற்றா? போய்ப் பார்த்துவிட்டு வருவோமே" என்றார். பழைய சாலையில் போவதென்றால் பழைய உடையில் போவோம் என்று இளைஞர்கள் கூறினர். டிசம்பர் மாதத்து ஞாயிறு ஒன்றில், இரண்டு வேன்களில் இருபத்தொரு பேர் புறப்பட்டோம். 2012 இல் திறந்த யமுனை விரைவுச் சாலையை விடுத்து, மதுரா சாலையிலேயே சென்றோம்.

பெண்டிர் மதுரைச் சுங்குடியும் செட்டிநாட்டுக் கண்டாங்கியும் உடுத்தியிருந்தனர். முதிய அம்மையார் ஒருவர் ஒன்பது கஜச் சேலையில் வந்தார். ஆடவர் வேட்டியும், கழுத்து மூடிய கோட்டும். நண்பர் ஒருவர் தம் பாட்டனார் தலைமைச் செயலகத்தில் வேலை பார்த்தபோது அணிந்த சரிகைத் தலைப்பாகையைக் கட்டிக் கொண்டார். யாம் எம் தந்தையாரின் டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு கருப்புக் கம்பளிக் கோட்டை எடுத்து அணிந்தோம். பல்வலில் தேநீர்க் கடைக்காரர் எங்களைக் கண்டு, "நாடகக் கம்பெனியா?" என்று இந்தியில் கேட்டார். "இல்லை, ரயில்வே" என்றோம். அவர் நம்பவில்லை.

பரீதாபாத் வழியே சென்றோம். வணிகர் செல்லும் அப்பெருவழியைக் காப்பதற்கென்று, ஜஹாங்கீரின் அதிகாரி ஷேக் பரீத் 1607 இல் நிறுவிய ஊர் அது. சாலையை விட்டு விலகி வீடுகளுக்கு நடுவே நிற்கும் கோஸ் மினார் ஒன்றைக் கண்டு குழந்தைகள் சுற்றி வந்தனர். "இதுதான் அந்தக் காலத்துக் கிலோமீட்டர் கல்" என்றதும், முப்பதடிக் கல்லா என்று வியந்தனர்.

ஹோடலுக்கு அருகில் ஒரு தாபாவில் இறங்கினோம். கயிற்றுக் கட்டில்கள் வெயிலில் போட்டிருந்தன. தாபாக்காரர் மக்காச்சோள ரொட்டியும், கடுகுக் கீரை மசியலும், மேலே வெண்ணெயும், வெல்லமும், நெடிய லோட்டாவில் மோரும் கொணர்ந்தார். எங்கள் தூக்குகளிலிருந்து புளியோதரையும், மிளகாய்ப் பொடி தடவிய இட்லியும், தயிர் சாதமும் வெளிவந்தன. அவருக்கும் ஓர் இலையில் வைத்துக் கொடுத்தோம். புளியோதரையை ஒரு வாய் உண்டு கண்ணீர் மல்க நின்றவர், பிறகு மற்றுமொரு பிடி கேட்டு வாங்கிக் கொண்டார். கணக்குத் தீர்க்கும்போது குழந்தைகள் குடித்த பாலுக்குப் பணம் வாங்க மறுத்துவிட்டார். "பால் விலைக்கு அன்று" என்பது அவர் கூறியதன் பொருள். சராய் இடிந்தாலும் அதன் வழக்கம் இடியவில்லை என்று அறிந்தோம்.

கோட்டின் கதை

உணவு முடிந்து, கட்டிலில் சாய்ந்தபடி அக்கோட்டோடு புகைப்படம் எடுத்துக் கொண்டிருந்தோம். அப்பொழுது எம் அன்னையார் அருகில் வந்து அதன் கையைத் தடவிப் பார்த்து, "இது நம்முடையது இல்லையப்பா" என்றார்.

எம் தந்தையார் 1968 ஜனவரியில், இரண்டு இரவுகள் ரயிலில் கழித்துத் தில்லி வந்து இறங்கியவர். ஒரு பருத்திச் சட்டையும், ஒரு துண்டும், உறவினரின் விலாசம் எழுதிய காகிதமுமே கையிலிருந்தன. விலாசத்திற்குச் சென்றால், உறவினர் மூன்று மாதங்களுக்கு முன்னரே மாற்றலாகிச் சென்றுவிட்டார். இருட்டிவிட்டது. கரோல்பாக்கில் ஒரு கடை வாயிலில் நடுங்கிக் கொண்டு நின்றபோது, காய்கறிப் பையோடு சென்ற ஒருவர் நின்று, "எந்த ஊர், தம்பி?" என்று தமிழில் கேட்டாராம். அவ்வொரு கேள்வியே எம் குடும்பம் தில்லியில் காலூன்றிய கதை. அவர் வீட்டில் அன்றிரவு மிளகு ரசமும் சுட்ட அப்பளமும் சோறும். பதினொரு நாட்கள் அங்கே தங்கினார். வேலைக்கு நேர்முகம் காணச் சென்ற அன்று, அவ்வீட்டுக்காரர் தம் கம்பளிக் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டார். முதற் சம்பளத்தில் கோட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அவர் வாங்கவில்லை. "அடுத்தாற்போல் குளிரில் ஒருவன் வந்து நிற்பான். அவனுக்குக் கொடு" என்றாராம்.

"அப்பா கொடுக்கவில்லை. ஒவ்வொரு குளிர்காலமும் பெட்டியைத் திறப்பார். ராசியான கோட்டு என்று மறுபடியும் மடித்து வைப்பார். கடைசிக் காலத்தில் அது அவருக்கு உறுத்திக் கொண்டே இருந்தது" என்றார் அன்னையார்.

யாம் அழகுக்காக அணிந்து வந்தது ஐம்பதாண்டுக்கு மேற்பட்ட கடன் என்று அப்பொழுதுதான் அறிந்தோம். அதன் பின் மதுராவில் பேடா வாங்கியதும், சிக்கந்தராவில் அக்பரின் கல்லறையைக் கண்டதும், இரவு திரும்பியதும் நினைவில் மங்கலாகவே உள்ளன.

யூசுப் சராயை அடுத்து 1956 இல் அமைந்த அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்திற்கு நாடு முழுவதிலுமிருந்து நோயாளிகள் வருகின்றனர். தர்மசாலைகள் இருந்தும் வருவோர் தொகைக்கு அவை போதா. உடன் வந்தோர் பலர் ஜனவரிக் குளிரில் நடைபாதையில் உறங்குகின்றனர். சராய் என்று பெயர் தாங்கிய ஊரின் வாயிலிலே, வழிப்போக்கன் வெறுந்தரையில் படுத்திருக்கின்றான். அங்கே தென்னார்க்காட்டுப் பக்கத்து விவசாயி ஒருவரைக் கண்டோம். மகளின் சிகிச்சைக்காக வந்தவர். மேலே ஒரு மெல்லிய சால்வை. கோட்டை நீட்டினோம். விற்க வந்திருக்கின்றோம் என்று எண்ணி, "என்ன விலை, ஐயா?" என்றார். கோட்டின் வரலாற்றைக் கூறினோம். அணிந்து கொண்டார். எமக்கு இறுக்கமாக இருந்த அது அவருக்குப் பொருத்தமாக இருந்தது. அவரிடமும் அதே சொல்லைக் கூறி வந்தோம்.

நாம் செய்ய வேண்டுவது

நம் பிள்ளைகள் சாலையில் செல்லட்டும், தாபாவில் உண்ணட்டும், பாட்டியின் சேலையை உடுத்தி மகிழட்டும். அச்சேலையின் கதையைப் பாட்டியிடம் கேட்டுவிட்டு உடுத்தட்டும் என்பதே எம் வேண்டுகோள். பெரியோர்களே, கேளாமுன்னரே நீங்கள் சொல்லுங்கள். எம் அன்னையார் முன்பே சொல்லியிருந்தால், அக்கோட்டு இத்தனை குளிர்காலம் பெட்டியில் உறங்கியிராது.

சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். நம் காலனியில் பெரும்பாலோர் ஏதோ ஒரு முதல் இரவில் எவரோ ஒருவர் இட்ட சோற்றை உண்டே இங்கு நிலைத்தோம். ஊரிலிருந்து மருத்துவத்திற்கும், தேர்விற்கும், வேலை தேடியும் இன்றும் மக்கள் வந்து இறங்குகின்றனர். சங்கத்தில் ஓர் அறையை அவர்களுக்கென ஒதுக்கலாம். பத்துக் கம்பளிகளைச் சேர்த்து வைக்கலாம். வாரத்தின் ஏழு நாட்களையும் ஏழு வீடுகள் பகிர்ந்து கொண்டால், இரவு வருபவருக்கு ஒரு சோற்றுத் தூக்கு ஆயத்தமாக இருக்கும். அவ்வார வீட்டின் தொலைபேசி எண்ணை அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்தால், அதுவே நம் நள்ளிரவு மணி. முதல் வெள்ளிக்கிழமையை எம் வீட்டின் பெயரில் எழுதிக் கொள்ளுமாறு செயலாளரைக் கேட்டுக் கொள்கின்றோம்.

வாழ்க நம் சங்கம்! வருவோர்க்குத் திறந்திருக்க அதன் வாயில்!